ஒரே நாளில் நியூகிரேஞ்சும் தாராவும்

கேள்வி: அயர்லாந்தின் தலைநகர் டப்ளினிலிருந்து குழுவாகச் சென்று நியூகிரேஞ்ச், மொனாஸ்டர்பாய்ஸ், தாரா குன்று மூன்றையும் ஒரே நாளில் நிறைவாகப் பார்க்க இயலுமா?

பதில்: இயலும், ஆனால் நாளின் பெரும்பகுதியை நியூகிரேஞ்சுக்கே ஒதுக்குங்கள். ஏறத்தாழ கி.மு. 3200-இல், எகிப்தின் கீசா பிரமிடுகளுக்கும் முன்பே எழுப்பப்பட்ட அந்தக் கல்லறை மேட்டில், டிசம்பர் 21-ஐ ஒட்டிய சில விடியற்காலைகளில் மட்டும், வாயிலுக்கு மேலுள்ள சிறு திறப்பின் வழியே சூரிய ஒளி புகுந்து, 19 மீட்டர் நீளமுள்ள குறுகிய பாதையைக் கடந்து உள்ளறையைச் சுமார் 17 நிமிடங்கள் ஒளிரச் செய்கிறது. மற்ற நாள்களில் அதை விளக்கொளியால் காட்டுவதுகூட மெய்சிலிர்க்க வைக்கும். சிறு குழுக்களையே உள்ளே அனுமதிப்பதால் முன்பதிவு இன்றியமையாதது. பழங்கால கிறித்தவ மடாலயத் தலமான மொனாஸ்டர்பாய்ஸில் விவிலியக் காட்சிகள் செதுக்கப்பட்ட உயர்ந்த கற்சிலுவைகளைக் காண அரைமணி நேரம் போதும். தாராவில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் புல்மேடுகளே. அயர்லாந்தின் பேரரசர்கள் முடிசூடியதாக மரபு கூறும் அவ்விடத்தின் வரலாற்றைப் படித்துவிட்டுச் செல்லுங்கள்.