மண்ணீரலில் 8 செ.மீ. நீர்க்கட்டி: மண்ணீரலை எடுக்காமல் ஆபரேஷன் செய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியும். உங்கள் தம்பிக்கு 24 வயது, மண்ணீரலை முழுசாக எடுக்கச் சொல்லிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்துப் போடும் முன்னால் லேப்ராஸ்கோபியில் (சின்னத் துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) நல்ல அனுபவமுள்ள இன்னொரு சர்ஜனிடம் கட்டாயம் காட்டுங்கள். பாம்பனில் கடலுக்குப் போகிற என் அக்கா மகனுக்கும் இதேதான், வலை இழுக்கும்போதெல்லாம் இடது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். மதுரையில் மண்ணீரலில் கட்டி இருந்த பகுதியை மட்டும் எடுத்தார்கள்.

மண்ணீரல் இல்லாமலும் வாழலாம், உண்மைதான். ஆனால் நிமோகாக்கஸ் போன்ற கிருமிகளை ரத்தத்திலிருந்து வடிகட்டுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அது போய்விட்டால் சாதாரணக் காய்ச்சலாகத் தொடங்குவது சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். என் அக்கா மகன் மாதிரி ராத்திரி முழுக்கக் கடலில் கிடக்கிற பையனுக்கு அப்படி வந்தால் எப்போது கரை சேர்ந்து, எப்போது ஆஸ்பத்திரி போவது? மலேரியா வந்தாலும் மண்ணீரல் இல்லாதவர்களுக்குக் கடுமையாகலாம், ராமேஸ்வரம் பக்கம் இருக்கிற நாம் இதை யோசிக்கத்தான் வேண்டும்.

ஊசியால் நீரை உறிஞ்சினால் மட்டும் போதாது, பெரும்பாலும் மறுபடி நிரம்பிவிடும். கட்டியின் வெளிச்சுவரை வெட்டித் திறந்துவிடுவது இன்னொரு வழி. சுலபம்தான், ஆனால் உள்தோல் மிச்சமிருந்தால் திரும்ப வரலாம். மூன்றாவதுதான் மண்ணீரலின் ஒரு பகுதியை மட்டும் எடுப்பது. மண்ணீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் கிளை கிளையாகப் பிரிந்து ஒவ்வொரு பகுதிக்கும் தனியாகப் போவதால், கட்டியுள்ள பக்கத்துக் கிளையை அடைத்ததும் அந்தப் பகுதி மட்டும் நிறம் மாறும், அந்தக் கோட்டை ஒட்டி வெட்டுவார்கள். கால்வாசி மிஞ்சினாலே அதன் வேலை ஓரளவு நடக்கும் என்கிறார்கள். கட்டி ரத்தக்குழாய் நுழையும் இடத்திலேயே இருந்தாலோ, ரத்தப்போக்கு நிற்காவிட்டாலோ முழுசாக எடுக்க வேண்டி வரலாம். அதற்காக, மேலே சொன்ன கிருமிகளுக்கான தடுப்பூசிகளை ஆபரேஷனுக்கு 2 வாரம் முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

அப்புறம் முக்கியமான ஒன்று: வீட்டில் ஆடும் நாயும் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். நாடாப்புழுவால் வரும் ஹைடாடிட் கட்டியாக இருந்தால், நீர் வயிற்றுக்குள் சிந்தினால் கடுமையான அலர்ஜி வரலாம், புழுவும் பரவலாம். அதற்கு அல்பெண்டசோல் மாத்திரையும் தனிக் கவனமும் தேவை. ரத்தப் பரிசோதனையும் சிடி ஸ்கேனும் பார்க்காமல் யாரையும் ஊசி குத்த விடாதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோய் இந்த ஆபரேஷனுக்குச் செல்லுமா என்று முதலிலேயே கேளுங்கள்.