யாருடைய தூக்கத்தைக் காக்கிறீர்கள்?

கேள்வி: எனக்கு 26 வயது. சிசேரியனில் முதல் குழந்தை பிறந்து 36 நாட்கள் ஆகின்றன. என் அம்மா உயிருடன் இல்லாததால் பேறுகாலம் கணவர் வீட்டில்தான். மாமி மருந்து கிண்டித் தருகிறார், மூலிகை போட்டுக் காய்ச்சிய வேது வெந்நீர் ஊற்றுகிறார். ஆனால் குழந்தை அழும்போதெல்லாம் “உனக்குப் பால் பற்றவில்லை, பவுடர் பால் கொடு” என்கிறார். இரவில் குழந்தை சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் தூங்குவதில்லை. கணவர் ரப்பர் வெட்டுக்கு (மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்க) போகிறவர், விடியுமுன் எழ வேண்டும். அதனால் குழந்தை சிணுங்கினாலே தூக்கிக்கொண்டு பின்பக்கச் சாய்ப்புக்குப் போய்விடுவேன். மழை பெய்தால் அடுக்களையில் உட்கார்ந்துகொள்வேன். காரணமில்லாமல் அழுகை வருகிறது. குழந்தையை இரவில் தூங்க வைக்க என்ன வழி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குலசேகரம்

பதில்: வழி கிடையாது. ஐந்து வாரக் குழந்தைக்கு இரவு எது, பகல் எது என்று தெரியாது. அந்தக் கணக்கு அதன் உடம்பில் படிவதற்கே இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிக்க வேண்டிய பிள்ளை, இரவிலும் எழுந்து கேட்கத்தான் செய்யும்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய இன்னொன்றைப் பற்றித்தான் நான் பேச வேண்டியிருக்கிறது. மழை பெய்தால் அடுக்களையில் உட்கார்ந்துகொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த குலசேகரத்தில் குடியிருப்பவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: கொட்டுகிற மழையில் ரப்பர் வெட்டு நடக்காது. பட்டை நனைந்துவிட்டால் பால் சிரட்டையில் விழாமல் மரத்தோடு வழிந்து வீணாகும். அப்படியானால் விடாமல் பெய்யும் மழை இரவில் உங்கள் கணவர் விடியுமுன் எழ வேண்டிய அவசியமே இல்லை. தையல் போட்ட வயிற்றோடு, பச்சைப் பிள்ளையை மார்பில் சாய்த்துக்கொண்டு, அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைக்கு நீங்கள் எதற்காக விழித்திருந்தீர்கள்? அவர் போகச் சொன்னாரா? சொல்லியிருந்தால் எழுதியிருப்பீர்கள், மாமி சொன்ன பவுடர் பாலை எழுத மறக்காத நீங்கள் அதை மட்டும் விட்டிருக்க மாட்டீர்கள். கணவரைப் பற்றி ஒரு குறைகூட உங்கள் கடிதத்தில் இல்லை. குறை சொல்லும்படி எதையாவது அவர் செய்வதற்குக்கூட அவரைப் பிள்ளையின் அருகில் நீங்கள் விட்டதாகத் தெரியவில்லை.

பழைய முறைகளை எல்லாம் தூக்கி எறியச் சொல்கிறவள் அல்ல நான். பெற்றவளை நாற்பது நாள் அடுக்களைப் பக்கம் வரவிடாமல் வைத்திருந்ததில் நியாயம் இருந்தது. அந்த நாற்பது நாள் முடிவதற்குள்தான் நீங்கள் நள்ளிரவில் அடுக்களையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டும்போது பிள்ளையை மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்வதோடு தகப்பனின் வேலை முடிந்துவிடுவதில்லை. உழைத்துக் கொண்டுவந்து போடுவது அவர் கடமை என்றால், அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடப்பதும் அதே கடமையில் சேர்ந்ததுதான். அதை அவர் செய்யாமல் இருந்தால் அவரைத் திட்டுவேன். செய்ய விடாமல் நீங்கள் தடுத்தால் உங்களைத்தான் திட்ட முடியும். தன் வீட்டிலேயே அவரை விருந்தாளியாக்கி வைத்திருக்கிறீர்கள்.

வெட்டுக்குப் போகிறவரின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் மரம் மரமாக நடந்து வெட்டும் வேலை அது. ஆனால் ரப்பர் பால் எடுத்து, அது உறைய ஆசிட் ஊற்றி, ஷீட் அடித்து முடித்தால் பெரும்பாலும் பிற்பகல் அவர் கையில் இருக்கும். கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு வந்து, நீங்கள் பாலூட்டி முடித்த பிள்ளையை வாங்கி ஏப்பம் விடச் செய்வதும், ஈரத்துணி மாற்றுவதும், தூங்க வைப்பதும் அவர் வேலையாக இருக்கட்டும். அந்த நேரத்தில் நீங்கள் கதவைச் சாத்திவிட்டுப் படுக்க வேண்டும். துணி மடிக்கக் கூடாது. பால் கொடுப்பது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அவராலும் முடியும்.

மாமி விஷயத்தை அதிகம் வளர்க்க வேண்டாம். உங்கள் அம்மா இருந்திருந்தால் செய்திருக்கக்கூடியதை எல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறவர் அவர். பவுடர் பால் என்பதில் மட்டும் அவர் சொல்வதைக் கேட்காதீர்கள். பிள்ளை ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் கூடிவந்தால் பால் போதுகிறது என்று பொருள். பவுடர் கொடுக்கக் கொடுக்கப் பிள்ளை மார்பில் சப்புவது குறையும், சப்புவது குறைந்தால் சுரப்பும் குறையும். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் கூடுதலாக இருக்கும் என்பதால் இரவுப் பாலைத் தவிர்க்கவும் கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்பதை உங்களைவிடக் கிராம சுகாதாரச் செவிலியர் சொன்னால் மாமி மனத்தாங்கல் இல்லாமல் கேட்பார்.

காரணமில்லாமல் அழுகை வருகிறது என்கிறீர்கள். அம்மா இல்லாத பேறுகாலம், ஆறாத தையல், தூக்கமில்லாத ஐந்து வாரம். இதற்கு மேலும் ஒரு காரணம் வேண்டுமா? பிரசவத்திற்குப் பிறகு வரும் சாதாரண மனச்சோர்வு இரண்டு வாரத்திற்குள் தணிந்துவிடும். அதைத் தாண்டியும் அழுகை நிற்கவில்லை என்றால் அது மருத்துவர் பார்க்க வேண்டிய நோய்; தைரியமாக இரு என்று சொன்னால் தீராது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்று காட்டுங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். உங்களையோ பிள்ளையையோ ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் ஒரு கணம் எழுந்தாலும், பிள்ளையுடன் தனியே சாய்ப்புக்குப் போகாமல் அந்த நிமிடமே கணவரை எழுப்பி, உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

மருத்துவரைப் பார்ப்பதைப் பிள்ளைக்கு ஊசி போடும் நாள் வரை தள்ளிப்போட வேண்டாம். ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போகும் நாளில் பிள்ளையைக் கணவர் தூக்கிக்கொண்டு வரட்டும். எடையைக் கேட்டு அட்டையில் குறித்து வாங்குவது அவர் பொறுப்பு. உங்கள் அழுகையைப் பற்றி அவர் காதில் விழும்படியே செவிலியரிடம் சொல்லுங்கள். இன்றிரவு பிள்ளை அழுதால் சாய்ப்புக்குப் போகாமல், “பிள்ளையைக் கொஞ்சம் பிடியுங்கள்” என்று கணவரை எழுப்புங்கள். அவர் எரிந்து விழுந்தால் அதையும் எனக்கு எழுதுங்கள். அடுத்த பதிலை அவர் பெயருக்கே எழுதுகிறேன்.