குன்னூரில் பழைய கார் வைத்திருக்கிறேன். ராஸ்பெரி பை வைத்து நானே ஒரு கார் கணினி செய்து பொருத்த முடியுமா?

முடியும். என்ன வண்டி என்று நீங்கள் சொல்லவில்லை. 2010க்குப் பிறகு வந்த சின்ன பெட்ரோல் கார், 35 ஆம்பியர்-மணி பேட்டரி என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். "கடையில் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ கிடைக்கும்போது எதற்கு இந்த வேண்டாத வேலை" என்று கேட்க ஒருவராவது வருவார். பாட்டும் மேப்பும் போதும் என்றால் அதையே வாங்கிக்கொள்ளுங்கள், சண்டையே இல்லை. எஞ்சின் சூடு, பேட்டரி வோல்ட், உயரம் எல்லாவற்றையும் சிக்னல் இல்லாத கொண்டை ஊசி வளைவிலும் ஒரே திரையில் பார்க்க வேண்டும் என்பவருக்குத்தான் இந்தப் பதில்.

கணினிப் பக்கம் சுலபம். கையளவு ஒற்றை போர்டு கணினியான ராஸ்பெரி பை 4, 2 ஜிபி போதும். 7 அங்குலத் தொடுதிரை, யூஎஸ்பி ஜிபிஎஸ், ஓபிடி துளையில் (மெக்கானிக் எஞ்சின் கோளாறு பார்க்கும் சாக்கெட்) செருகி எஞ்சின் எண்களைப் படிக்கும் ஈஎல்எம்327, யூஎஸ்பி சவுண்டு கார்டு. மேப்புக்கு நேவிட் என்ற வழிகாட்டும் மென்பொருள். ஓபன் ஸ்ட்ரீட் மேப் தரவை வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டால் மலையில் நெட் தேவையில்லை. இதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. மீதி முழுக்க கரண்ட் வேலை, கெடுவதும் அங்கேதான்.

பை 4, திரை, மற்றவை எல்லாம் சேர்த்து பேட்டரியின் 12 வோல்ட்டை 5 வோல்ட் ஆக்கி 5 ஆம்பியர் தரும் கன்வெர்ட்டர் வேண்டும். அதாவது 25 வாட். 12 வோல்ட் பக்கம் சுமார் 2.3 ஆம்பியர் இழுக்கும். 5 ஆம்பியர் ஃபியூஸ், 1.5 சதுர மி.மீ. வயர் போதும். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். டேஷ்போர்டுக்குள் வைத்தால் நடுவில் வயர் உரசி எர்த் ஆகும்போது அந்த ஃபியூஸுக்கு ஒன்றும் தெரியாது, வயர்தான் எரியும். ஃபியூஸுக்கு அடுத்து ப்ளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் நடுவே திடீரென எகிறும் வோல்ட்டை அடக்கும் ஒரு 1.5கேஈ24ஏ டிவிஎஸ் டயோடு போடுங்கள், கோடு போட்ட முனை ப்ளஸ் பக்கம். ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினல் லூஸாகிக் கழன்றால் ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் அடியை அது ஓரளவு மழுங்கடிக்கும்.

திருகு வைத்து வோல்ட் மாற்றும் மலிவு எல்எம்2596 கன்வெர்ட்டர் போர்டு வேண்டாம். அதன் உச்சமே 3 ஆம்பியர், அது போக, மலைரோட்டு ஆட்டத்தில் அந்தத் திருகு மெல்ல நகரும். 5.1 வோல்ட்டில் வைத்தது கண்டபடி ஏறிப்போனால் போர்டுக்குப் பால்தான். வோல்ட் மாறாத, எபாக்ஸி ஊற்றி மூடிய வகையாக வாங்குங்கள்.

பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இன்னொரு இடத்தில்: திரை மூலையில் வோல்ட் குறைவு என்று மின்னல் குறி வரும், கன்வெர்ட்டரை அளந்தால் சரியாக 5.1 காட்டும். குற்றவாளி யூஎஸ்பி கேபிள். போன் சார்ஜருக்கு வரும் மெல்லிய 28 கேஜ் வயர் ஒரு மீட்டர் இருந்தால் போக வர சேர்த்து 0.4 ஓம். 2 ஆம்பியர் போகும்போது 0.8 வோல்ட் வயரிலேயே காணாமல் போய்விடும். 4.63க்குக் கீழே போனாலே பை முனகும். 20 கேஜ் வயரை நேராகப் பற்றவையுங்கள், இழப்பு 0.13 வோல்ட்டோடு நிற்கும்.

அடுத்தது ஆன்-ஆஃப். பையை நேராக ஏசிசி வயரில் (சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வருவது) கொடுத்தால் சாவியை அணைத்த நொடியில் கரண்ட் நின்றுவிடும், பத்து நாளில் எஸ்டி கார்டு பல்லைக் காட்டும். நேராக பேட்டரியில் கொடுத்தால் பேட்டரி இறங்கும். 100 மில்லி ஆம்பியர் என்றாலும் ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர்-மணி, ஒரு வாரத்தில் பாதி பேட்டரி காலி. அதனால் கரண்ட் பேட்டரியிலிருந்து வைத்த நேரம் கழித்து இணைப்பை விடும் ஒரு டைம் டிலே ரிலே வழியாக வரட்டும், ஏசிசி சைகை மட்டும் கொடுக்கட்டும். ஏசிசி போன 45 நொடி கழித்து ரிலே விட வேண்டும். அதே ஏசிசி 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒளி வழியாகச் சைகை கடத்தும் ஒரு பிசி817 ஆப்டோகப்ளருக்குப் போய், அதன் மறுபக்கம் பையின் ஜிபிஐஓ 3 என்ற காலை (பின்னை) எர்த்துக்கு இழுக்கட்டும். அந்தக் கால் 10 நொடி தொடர்ந்து எர்த்தை விட்டு மேலே இருந்தால், அதாவது ஏசிசி போயிருந்தால், ஷட்டவுன் என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட்.

ஏன் 10 நொடி? செல்ஃப் அடிக்கும்போது பெரும்பாலான கார்களில் ஏசிசி ஒன்றிரண்டு நொடி அறுந்து வரும். காத்திருக்காவிட்டால் ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் கணினி அணையும். ஏன் ஜிபிஐஓ 3? டீக்கடையில் வண்டியை அணைத்துவிட்டு அரை நிமிஷத்தில் திரும்பவும் சாவி போட்டால், பை தூங்கியிருக்கும், ரிலே விட்டிருக்காது. கரண்ட் இருந்தும் திரை கறுப்பாகவே நிற்கும். ஜிபிஐஓ கால்களில் தூங்கும் பையை எழுப்புவது அது ஒன்றுதான். பையின் செட்டிங்ஸ் மெனுவான ராஸ்பி-கான்ஃபிக்கில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தையும் ஆன் செய்துவிடுங்கள், கார்டில் எதுவும் எழுதப்படாது.

செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் 9க்கு இறங்கும், ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரிக் காலையில் இன்னும் கீழே போகும். இதற்கு 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடச் சொல்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை: 2.3 ஆம்பியரில் 12லிருந்து 8க்கு வர அது தாங்குவது 8 மில்லி நொடி. உள்ளே வரும் வோல்ட் 6 வரை இறங்கினாலும் தாங்கும் பக்-பூஸ்ட் கன்வெர்ட்டர்தான் வழி.

இனி சமவெளி ஆட்கள் சொல்லாத விஷயம், ஈரம். ராத்திரி முழுக்க மேகத்துக்குள் நின்ற வண்டியில் காலையில் ஹீட்டரைப் போட்டால் கண்ணாடியில் படியும் அதே நீர் ஜில்லென்றிருக்கும் போர்டிலும் படியும். உடனே எதுவும் ஆகாது. ஒரு மழைக்காலம் போனதும் எஸ்டி ஸ்லாட்டின் கால்களில் பச்சை பூக்கும். போர்டுக்கு அக்ரிலிக் கோட்டிங் ஸ்ப்ரே இரண்டு தடவை அடியுங்கள். அதற்கு முன் எல்லா போர்ட்டையும், கார்டு ஸ்லாட்டையும், பின்களையும் டேப் ஒட்டி மூடுங்கள். ஸ்ப்ரே உள்ளே போனால் அதோடு சரி. ஒரு நாள் முழுக்கக் காயட்டும். காற்றுப் புகாமல் பெட்டியை அடைக்காதீர்கள், மேட்டுப்பாளையம் வெயிலில் நிறுத்தினால் பை 80 டிகிரியில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அடிப்பக்கம் துளை போட்ட அலுமினியப் பெட்டி, ஃபேன் இல்லாதது, க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால். சீட்டுக்கு அடியில் வேண்டாம், மழை நாளில் மேட் எப்படி நனைகிறது என்று உங்களுக்கே தெரியும்.

உயரம் காட்ட பிஎம்ஈ280 காற்றழுத்த சென்சார் வாங்காதீர்கள். அந்தப் பெயரில் ஈரப்பதம் அளக்காத பிஎம்பி280ஐத் தலையில் கட்டுவது ஒருபுறம், தகவல் போகும் அதன் ஐ2சி வயர்களில் ஒன்றும் நாம் எடுத்துக்கொண்ட ஜிபிஐஓ 3ம் ஒரே கால்தான். ஓபிடியிலேயே மோட் 01, பிஐடி 33 (வண்டியிடம் கேட்கும் ஒவ்வோர் அளவுக்கும் உள்ள எண்தான் பிஐடி) கேளுங்கள், காற்றழுத்தம் கிலோபாஸ்கலில் வரும். மேட்டுப்பாளையத்தில் 97 ஒட்டி, ஊட்டியில் 77, 78. உங்கள் வண்டி அதற்குப் பதில் சொல்லாவிட்டால், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு பிஐடி 0பி கேளுங்கள். எம்ஏபி சென்சார் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) உள்ள வண்டியில் அப்போது வருவது வெளிக் காற்றின் அழுத்தமேதான். ஒரு கிலோபாஸ்கலுக்கு நூறு மீட்டர் என்று தோராயமாகத்தான் தெரியும், கூடலாமா குறையலாமா என்று வாதிட வராதீர்கள், ரோட்டுக்கு அது போதும்.

உண்மையில் உதவப்போவது பிஐடி 05, கூலன்ட் சூடு. பர்லியாரிலிருந்து குன்னூர் ஏறும்போது டேஷ்போர்டு முள் நடுவிலேயே நிற்கும், எண் ஏறிக்கொண்டிருக்கும். 105ஐத் தாண்டினால் ஓரங்கட்டுங்கள். ஊட்டி உயரத்தில் வெறும் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும், ரேடியேட்டர் மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் கூலன்ட்டும் சீக்கிரம் பொங்கும்.

அப்படி ஓரங்கட்டவும் இப்போது இடம் கிடைப்பதில்லை. ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்பதே தெரியாமல், நியூட்ரலில் இறங்கி, கல்லாறு வருவதற்குள் பிரேக் கருகும் நாற்றத்தோடு வளைவிலேயே நிறுத்திக் குரங்குக்குப் பிஸ்கட் போடுகிறார்கள். நீலகிரிக்குள் வர இ-பாஸ் கேட்கிறவர்கள் கியர் போட்டு இறங்கத் தெரியுமா என்றும் ஒரு கேள்வி கேட்கலாம். சரி, விடுங்கள்.

வயரிங்கில் ஒரு எச்சரிக்கை. ஸ்டீரியோ சாக்கெட்டில் மஞ்சள் என்றால் பொதுவாக எப்போதும் உயிருள்ள 12 வோல்ட், சிவப்பு ஏசிசி. ஏர்பேக் வயரிங்கும் பெரும்பாலும் மஞ்சள்தான். மஞ்சள் உறை போட்ட கொத்து எதையும் தொடாதீர்கள், மல்டிமீட்டர் முனைகூட வைக்காதீர்கள். எர்த்தை பெயின்ட் சுரண்டிய பாடி போல்ட்டில் கொடுங்கள், ஆம்ப்ளிஃபையர் எர்த்தும் அதே போல்ட்டுக்கு வரட்டும். இல்லாவிட்டால் ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் கொசு ரீங்காரம் கேட்கும்.

எல்லாம் முடிந்ததும் டேஷ்போர்டைத் திறந்தபடியே மூன்று ராத்திரி விடுங்கள். ஓபிடியில் ஈஎல்எம்327 செருகியே இருந்தால் பிடுங்கிவிடுங்கள். அதன் 16ஆம் பின்னில் எப்போதும் பேட்டரி கரண்ட் உண்டு, சிலது ராத்திரியெல்லாம் 40, 50 மில்லி ஆம்பியர் குடிக்கும். சாவியை எடுத்து ஒரு நிமிஷம் கழித்து கணினி வயரில் மீட்டரை வரிசையில் வைத்துப் பாருங்கள். ரிலே போர்டுக்கான 10 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டக் கூடாது. மூன்றாம் நாள் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பேட்டரி 12.4க்கு மேல் இருந்தால் ஸ்க்ரூவை முடுக்குங்கள்.