லைக் வருகிறது, ஆள் வரவில்லையே!

கேள்வி: எங்கள் மலைப்பகுதியில் விடுதி நடத்தும் ஏழு பேர் சேர்ந்து ஒரு ஃபேஸ்புக் பக்கம் வைத்திருக்கிறோம். தினமும் படம் போடுகிறோம். லைக் வருகிறது, தங்க ஆள் வரவில்லை. தனியாக ஒரு குழு ஆரம்பித்தால் பலன் இருக்குமா?

பதில்: இருக்கும். ஆனால் பக்கத்தில் போடும் அதே படங்களைக் குழுவிலும் போட்டால் எதுவும் மாறாது. பக்கத்தில் நீங்கள் பேசுகிறீர்கள். குழுவிலோ வரப்போகிறவர் கேட்க வேண்டும், வந்துபோனவர் பதில் சொல்ல வேண்டும். மழை நேரத்தில் பாதை எப்படி இருக்கும், மூட்டுவலி உள்ள அம்மாவால் அந்தப் படிகளில் ஏற முடியுமா, கைக்குழந்தையோடு வரலாமா என்பவைதான் ஒருவரைக் கிளம்ப விடாமல் தடுக்கும் கேள்விகள். போன மாதம் வந்துபோன ஒருவர் அதற்குச் சொல்லும் பதிலை, விடுதிக்காரர் சொல்வதைவிட அதிகம் நம்புவார்கள்.

முதல் ஐம்பது பேர் யார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இணையக் குழுக்களில் 100 பேர் இருந்தால் 90 பேர் படிப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் அதிகம் எழுதுவார் என்று 2006-இல் இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் எழுதினார். துல்லியக் கணக்கு இல்லை, ஆனாலும் நடைமுறைக்கு நெருக்கமானது. எனவே தெரியாத ஆயிரம் பேரைச் சேர்க்காதீர்கள். உங்கள் பதிவேட்டை எடுத்து, மகிழ்ச்சியாகத் திரும்பிப்போனவர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பேசுங்கள். அனுமதி கேட்காமல் யாரையும் சேர்க்க வேண்டாம்.

வாட்ஸ்அப்பா, ஃபேஸ்புக்கா என்றால் இந்த வேலைக்கு ஃபேஸ்புக் குழுதான் என் தேர்வு. வாட்ஸ்அப்பில் 1,024 பேருக்கு மேல் சேர்க்க முடியாது, எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும், பழைய பதில்கள் புதைந்துவிடும். அப்புறம் அதே கேள்விக்கு மறுபடியும் முதலிலிருந்து பதில் சொல்ல வேண்டும்.

நீங்கள் ஏழு பேர் இருப்பது நல்ல வசதி. ஆளுக்கொரு நாள் பொறுப்பெடுத்து, எந்தக் கேள்வியும் ஒரு நாளுக்கு மேல் பதிலில்லாமல் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அறை வாடகை, சலுகை எல்லாம் வாரத்தில் ஒரே ஒரு பதிவில் போதும். யாராவது குறை எழுதினால் நீக்காதீர்கள். ஸ்வீடன் 2011 முதல் 2018 வரை தன் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கையே வாரம் ஒரு குடிமகனிடம் கொடுத்தது. சிலர் எழுதியது சர்ச்சையானபோதும் திட்டத்தை நிறுத்தவில்லை. அந்தத் துணிச்சல் உங்களுக்கும் வேண்டும். 'இந்த வாரம் மண்சரிவு, வராதீர்கள்' என்று நீங்களே எழுதுங்கள். அப்படிச் சொன்னவரின் 'இப்போது வாருங்கள்' என்ற சொல்லுக்கு மதிப்பு தனி.

உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். எத்தனை கேள்விகளுக்கு உங்களைத் தவிர வேறு யாராவது பதில் சொன்னார்கள் என்று மாதம் ஒருமுறை எண்ணுங்கள். தங்க வருகிறவரிடம் 'எப்படித் தெரிந்து வந்தீர்கள்?' என்று கேட்டுப் பதிவேட்டில் குறியுங்கள்.

இன்னொன்று, இது என் மனதுக்கு நெருக்கமானது. கூட்டம் தாங்காத சிற்றோடை, பறவைகள் கூடு கட்டும் பாறை போன்றவற்றின் சரியான இருப்பிடத்தைப் பகிரக்கூடாது என்று முதல் நாளே விதி வையுங்கள். வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகள் 2019 ஏப்ரலில் சில இடங்களைப் பராமரிப்புக்காக மூடி, வெளிநாடுகளிலிருந்து 100 தன்னார்வலர்களை வரவழைத்தன. அவர்களுக்குத் தங்க இடமும் உணவும் கொடுத்தார்கள், நடைபாதை சீரமைக்கும் வேலை நடந்தது. உங்கள் குழு வளர்ந்த பிறகு, ஒரு வார இறுதியில் பாதையைச் சுத்தம் செய்ய அழைத்துப் பாருங்கள்.