மாத்திரை வீட்டுக்கு வந்த பிறகு: உடல்நல உளவியல் கேள்வி பதில்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் உடல்நல உளவியல் விரிவுரையாளராக இருக்கிறேன். சுகர், பிரஷர் உள்ளவர்கள் மாத்திரையை எதனால் தொடர்கிறார்கள், எதனால் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ நான் சொல்ல முடியாது, அதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

கும்பகோணம், மாணவி: உடல்நல உளவியல் என்றால் மனநல மருத்துவமா மேடம்?

இல்லைம்மா. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேலே படித்தவர், மருந்து எழுதுவார். நாங்கள் பார்ப்பது, உடம்புக்கு வரும் நோயில் மனசுக்கும் வீட்டுக்கும் ஊருக்கும் என்ன பங்கு என்பதை. உடல், மனம், சமூகம் மூன்றையும் சேர்த்துத்தான் நோயைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று 1977-ல் ஜார்ஜ் எங்கல் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். அடுத்த வருஷமே அமெரிக்க உளவியல் சங்கத்தில் இதற்குத் தனிப் பிரிவு வந்துவிட்டது.

மன்னார்குடி, மகன்: அப்பாவுக்கு 62 வயது. தலை சுற்றினால் மட்டும்தான் பிரஷர் மாத்திரை போடுகிறார். இத்தனைக்கும் படித்தவர். எப்படிப் புரியவைப்பது?

நான் அதிகம் கேட்கும் கதை இது. உளவியலாளர் ஹோவர்ட் லெவந்தாலும் அவரோடு வேலை செய்தவர்களும் அமெரிக்காவில் பிரஷர் நோயாளிகளிடம் பேசி, 1985-ல் அதை வெளியிட்டார்கள். 'பிரஷர் ஏறினால் யாருக்கும் தெரியாது' என்று ஒத்துக்கொண்டவர்களிலேயே பெரும்பாலானோர், 'ஆனா எனக்கு ஏறினா தெரிஞ்சுடும்' என்றும் சொன்னார்கள்! தலைவலியையோ முகம் சூடாவதையோ அடையாளமாக வைத்திருந்தார்கள். நோய் என்றதும் ஒவ்வொருவர் மனசிலும் ஒரு கணக்கு உண்டு: இது என்ன, எதனால் வந்தது, எத்தனை நாள் இருக்கும், என்ன செய்துவிடும், கட்டுப்படுமா. உங்கள் அப்பாவின் கணக்கில் பிரஷர் காய்ச்சல் மாதிரி வந்து வந்து போவது. அப்படி நினைப்பவர் தலை சுற்றாத நாளில் மாத்திரை எதற்குப் போடப்போகிறார்?

அதனால் வாதம் வேண்டாம். வீட்டில் பிரஷர் பார்க்கும் கருவி இருந்தால், 'இப்ப எவ்வளவு இருக்கும்?' என்று முதலில் அவரே ஊகித்து எழுதட்டும். அப்புறம் அளந்து பக்கத்தில் எழுதட்டும். இரண்டு வாரம் போதும். நாம் சொல்லி மாறாத நம்பிக்கை, தன் கையெழுத்தில் பார்க்கும்போது கொஞ்சம் அசையும். அந்தத் தாளோடு மருத்துவரிடம் போங்கள், தலைசுற்றலையும் சொல்லுங்கள். அதற்கு வேறு காரணமும் இருக்கலாம்.

திருத்துறைப்பூண்டி, மகள்: அம்மா விடிகாலையில் நடவுக்குப் போய்விடுவார். சுகர் மாத்திரையை மறந்துவிடுகிறார்.

மறதிதானா என்று அம்மாவிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை சிலருக்கு வயிற்றைக் கலக்கும். ஒதுங்க ஒரு மறைவில்லாத வயலில் பத்துப் பெண்களோடு குனிந்து நடும்போது அப்படி ஆனால் என்ன செய்வார்? வேலை நாளில் மாத்திரையை விடுவதுதான் அவருக்குத் தெரிந்த வழி. இதை மறதி என்று எழுதி முடித்துவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரை இருக்கிறது, நேரத்தையும் மாற்றித் தரலாம்.

நிஜமாகவே மறதி என்றால், பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் 1999-ல் விளக்கிய ஒரு முறை உதவும். 'தவறாமல் போடுவேன்' என்ற பொதுவான உறுதி போதாது. 'வரப்பில் சாப்பிட உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்ததும் மாத்திரை' என்று இடத்தையும் செயலையும் சேர்த்து முடிவு செய்ய வேண்டும். மாத்திரை சுருக்குப்பையிலேயே இருக்கட்டும்.

நாகூர்: சுகர் இருக்கிறது. நோன்பு வைக்கலாமா?

மருத்துவர் சொல்ல வேண்டியது இது. ரமலானுக்குச் சில வாரம் முன்பே போய்க் கேளுங்கள். 'வேண்டாம் என்று சொல்லிவிடுவார்' என்று பயந்து, சொல்லாமலே நோன்பு பிடிப்பதுதான் ஆபத்து. இன்சுலினும் சில மாத்திரைகளும் வெறும் வயிற்றில் சர்க்கரையை ரொம்பவும் இறக்கிவிடும்.

பேராவூரணி, தம்பி: கஜாவில் எங்கள் தென்னந்தோப்பே சாய்ந்தது. இப்போதும் ஐப்பசி, கார்த்திகையில் காற்று அடித்தால் அண்ணன் தூங்குவதில்லை. இத்தனை வருஷம் கழித்துமா?

ஆமாம் தம்பி, இருக்கும். 2018 நவம்பர் 16-ல் கரையைக் கடந்த புயல் அன்றோடு போய்விட்டது. ஆனால் நெட்டைத் தென்னங்கன்று வைத்தால் காய்க்க ஐந்தாறு வருஷமாவது ஆகும். அதுவரை கடனும் வட்டியும் நிற்கவில்லையே. உங்கள் அண்ணனுக்கு அந்த இழப்பு வருஷக்கணக்கில் நடந்திருக்கிறது. 'அதையே நினைக்காதே' என்று மட்டும் சொல்லாதீர்கள். தூக்கமும் வேலையும் கெடும் அளவுக்கு இருந்தால் சிகிச்சை உண்டு. அரசின் மனநல உதவி எண்ணான 14416-ல் (டெலி மானஸ்) இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். 'இருந்து என்ன ஆகப்போகிறது' என்கிற மாதிரி பேசினால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

சீர்காழி, கிராம சுகாதார செவிலியர்: மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அப்படியும் போடாமல் வைத்திருக்கிறார்கள்.

சிஸ்டர், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம், பஸ் செலவையும் ஒரு நாள் கூலி இழப்பையும் மிச்சப்படுத்தியது. பெரிய காரியம் அது. ஆனால் வாசலுக்கு வந்தாலே எடுத்துக்கொள்வார்கள் என்பதில்லை. 1950-களில் அமெரிக்காவில் காசநோய்க்கு இலவச எக்ஸ்ரே வண்டிகளை வீட்டுப் பக்கத்திலேயே நிறுத்தினார்கள், எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. காரணத்தை கோட்ஃப்ரே ஹாக்பாம் என்ற உளவியலாளர் ஆராய்ந்தார். தனக்கும் வரலாம், சீக்கிரம் கண்டுபிடித்தால் நல்லது என்ற இரண்டையும் நம்பியவர்களே அதிகம் வந்திருந்தார்கள்.

'மாத்திரை போடுறீங்களா?' என்றால் உங்கள் மனசு நோகக் கூடாதென்று 'போடுறேம்மா' என்பார்கள். அதற்குப் பதில், 'வேலைக்கு நடுவுல எல்லாருக்கும் விட்டுப்போகும், போன வாரம் எத்தனை நாள் விட்டுச்சு?' என்று கேளுங்கள். நாள் கணக்குச் சொன்னால் திட்டாதீர்கள். எந்தெந்த நாள், அன்றைக்கு என்ன வேலை என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.