ஆங்கிலம் தெரிந்தால் பிரெஞ்சு இறந்தகாலம் சுலபமா?

ஆங்கில இறந்தகால வடிவங்களையும் பிரெஞ்சு வடிவங்களையும் எதிரெதிரே எழுதிப் பொருத்திக்கொண்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அனேகமாக அப்படி ஓர் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்துகொண்டிருப்பீர்கள். போதாது.

என்னோடு வேலை பார்த்த பிரெஞ்சுக்காரப் பெண் ஒருவர் 'ஐ ஹேவ் சென்ட் இட் எஸ்டர்டே' என்று மெயில் அனுப்பினார். எங்கள் மேலாளர் அதைக் கூட்டத்தில் உரக்கப் படித்துவிட்டுச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெண்ணின் மொழியான பிரெஞ்சில் பாஸே கோம்போஸே என்ற இறந்தகால வடிவம் அமைப்பில் 'ஹேவ் சென்ட்' மாதிரியேதான் இருக்கும். ஆனால் முடிந்துபோன செயலைப் பேச்சில் சொல்ல அதுதான் வழக்கமான வடிவம். 'நேற்று' என்பதோடு தாராளமாகச் சேரும். சேராதது ஆங்கிலத்தில்தான். இதை அங்கேயே சொன்னேன். மேலாளர் பேச்சை மாற்றிவிட்டார். இன்னொரு மொழியைக் கற்க ஒரு நாளும் முயலாதவர்கள், இரண்டாவது மொழியில் எழுதி வேலை செய்பவரின் அறிவை அளப்பது எந்த ஊர் நியாயம்? அவர் போட்ட கணக்கில் ஒரு பிழைகூட இருந்ததில்லை. அதை யாரும் கூட்டத்தில் படித்துக் காட்டவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். உண்மையான சிக்கல் அம்பார்ஃபே, அதாவது அப்போது நடந்துகொண்டிருந்ததையும் பழக்கமாக நடந்ததையும் சொல்லும் இன்னொரு இறந்தகால வடிவம். அதை 'வாஸ் ஈட்டிங்' என்பதற்கு மட்டும் ஈடாக வைத்துக்கொள்ளாதீர்கள். 'சின்ன வயதில் லீவு விட்டால் ஆற்றுக்குப் போவோம்' என்பதை ஆங்கிலத்தில் வெறும் 'வென்ட்' போட்டே சொல்லிவிடலாம். பிரெஞ்சில் அம்பார்ஃபேதான் வேண்டும், ஏனென்றால் அது பழக்கம். தமிழில் நாம் 'போனோம்' என்காமல் 'போவோம்' என்கிறோம் பாருங்கள், அந்த உணர்வு இங்கே ஆங்கிலத்தைவிட நன்றாகக் கைகொடுக்கும். 'தூங்கிக்கொண்டிருந்தேன், போன் அடித்தது' என்றால் தூக்கம் அம்பார்ஃபே, போன் அடித்தது பாஸே கோம்போஸே.

எல்லா இடத்திலும் தமிழ் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 'ஹேவ் யூ ஈட்டன்' என்பதற்குப் பதிலாக அமெரிக்கர்கள் 'டிட் யூ ஈட் ஆல்ரெடி' என்று கேட்பதும் தெரியும். அதற்காக 'எஸ்டர்டே' விதி மாறிவிடாது.

அப்புறம், ஐந்து வருடத்துக்கு முன் சேர்ந்து இன்னும் அதே இடத்தில் வேலை செய்கிறீர்கள் என்றால் பிரெஞ்சில் நிகழ்காலம்தான். ஆங்கில 'ஹேவ் வொர்க்ட்' பழக்கத்தில் பாஸே கோம்போஸே போட்டு 'ஐந்து வருடம் வேலை பார்த்தேன்' என்றால், வேலையை விட்டுவிட்டீர்கள் என்றுதான் கேட்பவர் நினைப்பார். பாஸே சேம்ப்ல் என்ற எழுத்து வழக்கு இறந்தகாலத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம். நாவலும் வரலாறும் படிக்கும்போது அடையாளம் தெரிந்தால் போதும்.