ஆப் போட்ட 58 மார்க் உங்கள் முகத்துக்கா?

கேள்வி: எனக்கு வயது 23. வீடு வியாசர்பாடி, வேலை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில். போட்டோவைப் பார்த்து அழகுக்கு மார்க் போடும் ஆப் ஒன்று எனக்கு 100-க்கு 58 கொடுத்தது. கீழ்த்தாடை உள்வாங்கியிருக்கிறது, மூக்கு அகலம், முகத்தின் இரண்டு பக்கமும் சமமாக இல்லை என்றது. அன்றிலிருந்து கடையில் ட்ரையல் ரூம் கண்ணாடியைத் தாண்டும்போதெல்லாம் நின்று பார்க்கிறேன். அக்கா கல்யாணத்தில்கூட போட்டோவுக்கு நிற்கவில்லை. நாக்கை மேலண்ணத்தில் அழுத்திவைக்கும் பயிற்சியும் செய்கிறேன். தாடையை எடுப்பாகக் காட்ட ஜெல் ஏற்றும் ஃபில்லர் ஊசி போட ஒரு கிளினிக்கில் 70 ஆயிரம் கேட்கிறார்கள், இஎம்ஐ உண்டாம். அழகை அறிவியல்படி அளக்க முடியுமா? ஊசி போட்டுக்கொள்ளலாமா?

பதில்: தம்பி, ஊசிக்கு இப்போதைக்கு முன்பணம் கட்டாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முகத்தை அளக்க முடியும். மருத்துவர்கள் தினமும் அளக்கிறோம். பல் சீரமைப்பு மருத்துவர் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுத்து, மண்டையோட்டின் அடிப்பகுதியிலிருந்து மேல்தாடையும் கீழ்த்தாடையும் எத்தனை டிகிரி முன்னே பின்னே இருக்கின்றன என்று கணக்கிடுவார். பொதுவாக இரண்டுக்கும் சுமார் 2 டிகிரி வித்தியாசம் இருக்கும். தைராய்டு கோளாறில் கண் பிதுங்கினால் எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்கக் கருவி இருக்கிறது. முகவாதம் வந்தால் ஆறு படிநிலைகளில் தரம் பிரிக்கிறோம். ஆனால் இவை எல்லாம் மெல்வது, மூச்சுவிடுவது, கண் மூடுவது சரியாக நடக்கிறதா என்று பார்ப்பதற்கான அளவுகள். இந்த எண்களைக் கூட்டிக் கழித்து அழகுக்கு மார்க் போடும் சூத்திரம் எதுவும் மருத்துவத்தில் இல்லை.

அப்படி ஒன்றைக் கண்டுபிடிக்கப் பலர் முயன்றிருக்கிறார்கள். நம் ஊர் ஸ்தபதிகளிடமே கணக்கு உண்டு. நவதாளம் என்ற சிற்ப அளவுமுறையில் சிலையின் உயரம் 108 அங்குலம் என்றால் முகம் 12, அதில் நெற்றி, மூக்கு, அதற்குக் கீழே மோவாய் வரை மூன்று சம பாகம். ஐரோப்பிய ஓவியர்களும் இதே மூன்று பாகக் கணக்கை வைத்திருந்தார்கள். சிலை செய்கிறவருக்கு அருமையான கணக்கு அது. உயிருள்ள மனிதர்களிடம் போனால் நிற்கவில்லை. 1985-ல் கனடாவில் ஃபார்காஸ் என்ற மருத்துவரும் குழுவினரும் நிஜ முகங்களை அளந்து பார்த்தபோது, அந்த ஓவிய விதிகளில் பல பெரும்பாலான முகங்களுக்குப் பொருந்தவில்லை.

அப்புறம், அழகுக்கு அடிப்படை என்று பலர் நம்பும் 1.618 என்ற தங்க விகிதம். அதை வைத்து அமெரிக்காவில் மார்க்வார்ட் என்ற தாடை அறுவை மருத்துவர் ஒரு கோட்டு முகமூடி வரைந்தார். அது ஐரோப்பிய மாடல் பெண்களின் முகச்சாயலுக்கே அதிகம் ஒத்துப்போகிறது, ஆப்பிரிக்க, கிழக்காசிய முகங்களுக்குச் சரிவரவில்லை என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள். வியாசர்பாடி முகத்தை அந்தச் சட்டத்தில் வைத்து 'மூக்கு அகலம்' என்று சொல்வது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

அதற்காக அழகைப் பற்றி அறிவியலுக்கு ஒன்றுமே தெரியாது என்றும் சொல்ல மாட்டேன். 1990-ல் லாங்லாய்ஸ், ராக்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 32 முகங்களைக் கணினியில் ஒன்றாகக் கலந்து ஒரு சராசரி முகம் உண்டாக்கினார்கள். கலந்த தனி முகங்களில் பெரும்பாலானவற்றைவிட அந்தச் சராசரி முகமே அழகு என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஓரளவு சமச்சீர், தெளிவான தோல் இவற்றைப் பல நாட்டு மக்களும் விரும்புகிறார்கள். சில மாதக் குழந்தைகள்கூட, பெரியவர்கள் அழகு என்று சொன்ன முகத்தைக் கூடுதல் நேரம் பார்க்கின்றன. ஆக, பொது ரசனை என்று ஒன்று உண்டு. ஆனால் அது பாதிக் கதை. இரட்டையர்களை வைத்து 2015-ல் வெளியான ஆய்வில், முகங்களைப் பற்றி எந்த இரண்டு பேரின் ரசனையும் சுமார் பாதியளவுதான் ஒத்துப்போனது. மீதி ஆளுக்கு ஆள் மாறுகிறது. அந்த மீதியைத் தீர்மானிப்பதில் மரபணுவைவிட, ஒருவர் வாழ்க்கையில் பழகிய முகங்களுக்கும் அனுபவங்களுக்கும்தான் பெரிய பங்கு. ஒரே வீட்டில் வளர்ந்த இரட்டையர்களுக்குள்ளேயே ரசனை வேறுபடுகிறது. உங்களை விரும்பப்போகிறவர் யாரைப் பார்த்து வளர்ந்தவர் என்று எந்த ஆப்புக்குத் தெரியும்?

இந்த மாதிரி ஆப்கள் பொதுவாக எப்படி மார்க் போடுகின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நிறைய போட்டோக்களைக் கொடுத்து, மனிதர்களை மார்க் போடச் சொல்லி, அந்த மார்க்கை ஊகிக்கக் கணினியைப் பழக்குவார்கள். ஆராய்ச்சியாளர்கள் அதிகம் பயன்படுத்தும் ஒரு தொகுப்பு தென் சீனத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துடையது. அதில் 5,500 முகங்கள், ஆசியர்களும் வெள்ளையர்களும். மார்க் போட்டவர்கள் 60 இளைஞர்கள். அப்படிப் பழகிய நிரல் உங்களுக்கு ஒரு எண் கொடுத்தால், அந்த 60 பேர் என்ன சொல்லியிருப்பார்கள் என்று அது ஊகிக்கிறது, அவ்வளவுதான். தெர்மாமீட்டரில் 101 என்று வந்தால் உடம்பில் காய்ச்சல் இருக்கிறது. உங்கள் உடம்பில் 58 என்று எதுவும் இல்லை.

இன்னொன்று, கேமரா. ஆப்புக்காக போனைக் கை தூரத்தில் பிடித்து எடுத்திருப்பீர்கள். 12 அங்குல தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-ல் அமெரிக்க முக அறுவை மருத்துவர்கள் கணக்கிட்டார்கள். 5 அடி தூரத்தில் இந்தக் கோளாறு அநேகமாக மறைந்துவிடும். லென்ஸுக்குக் கிட்ட இருப்பது பெரிதாகும், பின்னால் இருக்கும் தாடையும் காதும் சிறுக்கும். உங்கள் ஆப் சொன்ன மூன்று குறையில் இரண்டுக்கு இதுவே காரணமாக இருக்கலாம். மூன்றாவது, சமமின்மை. யாருடைய முகத்திலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. தலை லேசாகத் திரும்பினாலே வித்தியாசம் கூடிவிடும்.

நாக்குப் பயிற்சிக்கு வருகிறேன். 23 வயதில் தாடை எலும்பின் வளர்ச்சி முடிந்திருக்கும். நாக்கை அழுத்தி அதை முன்னே கொண்டுவர முடியும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. விட்டுவிடுங்கள்.

ஃபில்லர் ஊசியால் எலும்பு மாறாது. வழக்கமாகப் போடும் மருந்து சில மாதங்களிலிருந்து ஒன்றிரண்டு வருடத்துக்குள் கரைந்துவிடும், மறுபடி போட வேண்டியிருக்கும். அரிதாக மருந்து ரத்தக் குழாயில் போய் அடைத்துக்கொண்டால் தோல் கருகும், பார்வை போன சம்பவங்களும் உண்டு. முகத்தில் உண்மையான குறை இருந்து, தகுதியுள்ள பிளாஸ்டிக் சர்ஜன் அல்லது தோல் மருத்துவர் போட்டால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஒரு ஆப்பை நம்பி, கடன் வாங்கிப் போட்டுக்கொள்வதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

தாடையில் நிஜமாகவே கோளாறு இருக்கிறதா என்று தெரிய வேறு கேள்விகள் இருக்கின்றன. கடிக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேர்கின்றனவா? வாய் திறக்கையில் தாடை மாட்டிக்கொள்கிறதா? தூக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்கிறது என்று வீட்டில் சொல்கிறார்களா? மூன்று விரலை நெடுக்காக வைக்கும் அளவுக்கு வாய் திறக்கிறதா? கடைசிக் கேள்வி மாவா, குட்கா போடுகிற பழக்கம் இருந்தால் மிக முக்கியம், தயங்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இவற்றில் எதிலாவது சந்தேகம் இருந்தால் கோட்டை ரயில் நிலையம் பக்கம் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரியின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். எக்ஸ்ரே தேவையா என்று அங்கே முடிவு செய்வார்கள். ஒன்று மட்டும் தனி: முகம் திடீரென ஒரு பக்கம் கோணினால் அன்றைக்கே, அந்த நேரமே 108-ஐ அழையுங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது தாடையைப் பற்றிய வரி இல்லை. அக்கா கல்யாணத்தில் போட்டோவுக்கு நிற்கவில்லை என்றீர்களே, அதுதான். தோற்றத்தில் பிறர் கண்ணுக்கே தெரியாத ஒரு குறையை நினைத்து மனம் மாய்ந்துபோவது ஒரு நோயாகவே இருக்கலாம். நூறு பேரில் இரண்டு பேருக்கு இது வருகிறது, ஆண்களுக்கும்தான். நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இந்த நினைப்பிலும் கண்ணாடியிலும் போகிறதா? வேலையும் உறவும் கெடுகின்றனவா? அப்படியென்றால் ஊசியோ அறுவையோ செய்துகொண்டவர்களுக்குப் பெரும்பாலும் நிம்மதி வருவதில்லை, கவலை இன்னொரு இடத்துக்கு மாறுகிறது. பேச்சு சிகிச்சையும் சில மாத்திரைகளும் நன்றாகவே வேலை செய்கின்றன.

உங்களுக்கு அது இருக்கிறதா என்று கடிதத்தைப் படித்து நான் சொல்ல முடியாது, நேரில் பார்த்தால்தான் தெரியும். ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து தூரமும் இல்லை. முதலில் போனில் பேசிப் பார்க்க நினைத்தால் அரசு மனநல உதவி எண் 14416, கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். இந்த வாரமே பேசுங்கள். அந்த ஆப்பை இன்றைக்கே அழித்துவிடுங்கள்.